கொட்டகையை நிறைத்த குரல்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தை நாம் அறிவோம். சாலையோரப் பந்தல்களில் விடியுமுன்னே ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கிவிடும். புதுப்பாட்டுகளுக்கு நடுவே கணீரென்று ஒரு பெண்குரல் எழும். கால் கடுத்தவரும் நிமிர்ந்து நடப்பர். கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாளின் குரல் அது. பெண் பாடகியருள் முதலிடம் யாருக்கு என்று நண்பர்களுக்குள் வாதம் வருவதுண்டு. இனிமைக்கு ஒருவர், நுணுக்கத்துக்கு ஒருவர் என்று பிறர் சொல்லட்டும். என் வாக்கு இவருக்கே.

1908-இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தார். வறுமை, இரயிலில் பாடிக் காசு பெறும் நிலைக்குத் தள்ளியது. அங்கிருந்து நாடக மேடைக்கு வந்தார். ஒலிவாங்கி இல்லாத காலம்! கொட்டகையின் கடைசி வரிசையில் மணலில் குந்தியிருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். உச்ச சுருதியில் பாடிய எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு ஈடாக நின்று பாட நடிகையர் தயங்கினர். சுந்தராம்பாள் நின்றார். இலங்கையில் இணைந்த அந்த ஜோடி 1927-இல் மணவாழ்விலும் இணைந்தது. ஆனால் கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. பிரிவும் துயரமும் தொடர்ந்தன. 1933-இல் தம் 28-ஆம் வயதில் கிட்டப்பா மறைந்தார்.

அன்று முதல் அம்மையாருக்கு வெள்ளுடையும் திருநீறுமே அணிகள். கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் பார்த்த சமுதாயம் இது. அந்தச் சமுதாயத்தின் கோயில் திருவிழாவில், அதிகாலையில் முதலில் கேட்கும் குரல் அந்தக் கைம்பெண்ணுடையதாயிற்று. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் மீண்டும் வெளியே வந்தவர், காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1935-இல் வெளியான ‘நந்தனார்’ படத்தில் ஆண்வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். ஊதியம் ஒரு இலட்ச ரூபாய்! தட்டிக்கழிக்கவே அப்படியொரு தொகையைக் கேட்டார் என்றும், படமெடுத்தவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் சொல்வர். 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தது. தமிழ்க் கிழவி எப்படி இருந்திருப்பாள் என்று கேட்டால் இன்றும் நம் மனக்கண்ணில் நிற்பது சுந்தராம்பாள்தான். சட்டமேலவை உறுப்பினரானதை ஒரு வரியில் சொல்லிவிடலாம், பாட்டுக்கே வருவோம்.

குரலில் மென்மை இல்லை, சத்தமே மிகுதி என்பார் சிலர். ‘திருவிளையாடல்’ வெளிவந்த 1965-இல் அவருக்கு வயது 57. அதில் அவர் பாடியதைக் கேட்டுவிட்டு வந்து அவர்கள் பேசட்டும். உரத்த குரல்தான், ஆனால் ஓர் எழுத்தேனும் சிதைகிறதா? றகரமும் ழகரமும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. மேலே ஏறும் குரல் கத்தலாக மாறுவதில்லை, இறங்கும்போது தேய்வதுமில்லை. பின்னணிப் பாடகியர் பலர் புகழோடிருந்த 1969-இல், ‘துணைவன்’ படப் பாடலுக்காகத் தேசிய விருது இந்த அறுபது வயது அம்மையாரைத் தேடி வந்தது. மறு ஆண்டு பத்மஸ்ரீ.

1980-இல் மறைந்தார். இந்தத் தைப்பூசத்துக்குப் பந்தலில் அவர் பாட்டு ஒலித்தால், ஒலிபெருக்கியை விட்டு அரை மைல் விலகி வயற்காட்டுக்குள் போய் நின்று கேளுங்கள். இசைக்கருவிகள் காற்றில் கரைந்திருக்கும். சொல் மட்டும் வந்து சேரும்.