டர்போ கண்ட ஆல்பிரட் பியூக்கி

ஆனி பிறந்து மலையிடுக்கின் வழியே மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் தென்காசியிற் பிறந்தோர்க்கு வேறு நினைவு எழுவதில்லை. காசி விசுவநாதர் ஆலயத்துப் பெருங்கோபுர வாயிலிற் புகுவோரைக் காற்று ஒருகால் எதிர்த்துத் தள்ளுவதும், மறுகால் பின்னின்று உந்துவதும் நாம் இளமை தொட்டுக் கண்டவை. குற்றாலத்துப் பேரருவியோ மேலிருந்து நேரே நம் தலைமேல் விழுவதன்று. பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் முதலில் வீழ்ந்து, ஆங்குத் தன் வேகத்தைப் பெரிதும் இழந்து, பின்னரே நீராடுவார் மேல் இறங்குகின்றது. அப்பள்ளம் இல்லாதிருப்பின் அருவியின் அடியில் நிற்கத் துணிவார் யாருமிரார். அடைபட்ட காற்றுக்கு வலிமை உண்டு என்பதும், வலிய வேகத்திற்கு இடையில் ஒரு புகலிடம் வேண்டும் என்பதும் இவ்விரு காட்சிகளாலும் விளங்கும். இக்கட்டுரைக்கு அவை இரண்டும் வேண்டப்படுவன.

சென்ற சாரற் காலத்தில் என் தமக்கையின் மகன் தன் புதிய காரில் குற்றாலத்திற்கு வந்திருந்தான். அது டர்போ பொருந்திய பெட்ரோல் வண்டி. நகரத்துப் பட்டறை ஒன்றில் அதற்கு ‘புளோ ஆஃப் வால்வு’ என்னும் கருவியைப் புதிதாகப் பொருத்தியிருந்தான். அவன் ஆக்சிலரேட்டரினின்று காலை எடுக்குந்தோறும் பாம்பு சீறினாற்போல ஓர் ஒலி எழும். தெருவிற் போவோர் திரும்பிப் பார்ப்பர். அவனுக்கும் அதுவே வேண்டியிருந்தது. மறுநாள் செங்கோட்டையைக் கடந்து புளியரை மலைப்பாதையில் ஏறுகையில், ‘எஸ்’ வளைவில் அவன் காலை எடுத்துக் கிளச்சை மிதித்த அளவில், வழக்கம்போற் சீற்றம் எழுந்தது. எஞ்சினும் உடனே நின்றுவிட்டது. பின்னே மரமேற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் நிதானமுடையவராக இருந்தமையால் தீங்கொன்றும் நேரவில்லை. வீடு திரும்பியவன், தொழிற்சாலையில் முப்பதாண்டு கழித்த என்னிடம் காரணம் வினவினான். விடை கூறப் புகுந்தபோது, டர்போ என்னும் சொல்லை நாடோறும் வழங்கும் அவனுக்கு அதனைக் கண்டவர் பெயர் தெரியாது என்பதை அறிந்தேன். நம் கல்லூரி மாணவருள்ளும் அவனைப் போன்றார் பலர் இருத்தல் கூடும். அவர்பொருட்டு எழுந்ததே இவ்வரலாறு.

ஆல்பிரட் பியூக்கி 1879-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் நாள் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து வின்டர்தூர் நகரிற் பிறந்தார். அந்நகர் இயந்திரத் தொழிலுக்குப் பேர்பெற்றது. அவர் தந்தையார் சுல்சர் என்னும் பெருந்தொழிற்சாலையில் உயர்ந்த பதவி வகித்தவர். பிற்காலத்தில் டீசல் எஞ்சினைப் படைத்த ருடால்ஃப் டீசல், பரீட்சைக் காலத்தில் நோயுற்றமையால் கிடைத்த இடைவேளையில் கைத்தொழில் பயின்றது அதே சுல்சரிலேயாம். அதுவும் அதே 1879-ஆம் ஆண்டிலேயாம். ஒருவர் பட்டறையிற் கைகறுக்க நின்ற ஆண்டில், அவர் இயந்திரத்திற்கு இருமடங்கு வலிமை தேடித்தரப் போகும் மற்றொருவர் அவ்வூர்த் தொட்டிலிற் கிடந்தார் என எண்ணுதல் இனிது.

பியூக்கி 1899-இல் ஸூரிக் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1903-இல் இயந்திர நூலிற் பட்டம் பெற்றார். நீராவி டர்பைன்களைப் பற்றி உலகிற்கு ஆசானாக விளங்கிய ஸ்டொடோலா என்பாரே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். டர்பைன் என்பது, விரைந்து வரும் ஆவியோ வாயுவோ தகடுகளின் மேல் மோத, அதனாற் சுழலும் சக்கரம். இக்கல்வியே பின்னர் அவர் கண்ட பெரும்பொருளுக்கு வித்தாயிற்று.

பட்டம் பெற்றபின் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் சில காலம் தொழில் புரிந்தார். அக்காலத்தே அவர் மனத்தை ஒரு குறை வருத்தியது. எஞ்சினுள் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் தொழிலாகின்றது. மற்றொரு பங்கு குளிர்நீரோடு போகின்றது. எஞ்சியது புகைபோக்கியின் வழியே வானிற் கலந்து வீணாகின்றது. அங்ஙனம் ஓடும் புகையோ வெம்மையும் வேகமும் உடையது. அதன் வழியில் ஒரு டர்பைனை வைத்தாலென்ன? அது சுழலுமன்றோ? அதே அச்சின் மறுமுனையில் காற்றை அமுக்கும் சக்கரம் ஒன்றைப் பூட்டினால், எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைத் திணிக்கலாம். காற்று மிகுந்தால் மிகுதியான எண்ணெயை எரிக்கலாம். உருவிற் பெரிதாகாமலே எஞ்சின் வலிமையிற் பெருகும். இவ்வெண்ணத்தை வரைந்து ஜெர்மன் பேட்டன்ட் ஆபீஸில் அவர் பதிவு செய்தது 1905-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள். அப்போது அவருக்கு வயது 26. அவர் பயின்ற அதே கல்லூரியிற் சில ஆண்டுகள் முன்னே பட்டம் பெற்ற ஐன்ஸ்டைன் தம் பெயர்பெற்ற கட்டுரைகளை வெளியிட்டதும் அவ்வாண்டிலேதான். நம் பக்கத்திலோ, செங்கோட்டையினின்று ஆரியங்காவு வழியே புனலூருக்கு நீராவி ரயில் மலையேறத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது.

எண்ணம் பிறந்தது எளிது; அதனை இரும்பிற் காட்டுதலோ இருபதாண்டு வேலையாயிற்று. புகையின் கொதிப்பைத் தாங்கிப் பல்லாயிரம் சுற்றுச் சுழலத்தக்க உலோகம் அன்று அரிது. அமுக்கும் சக்கரங்களும் பாதிக் காற்றை நழுவவிட்டன. பியூக்கி 1908-இல் தாய்நாடு திரும்பிச் சுல்சரிற் சேர்ந்தார்; அடுத்த ஆண்டே டீசல் ஆராய்ச்சிப் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது. 1915 அளவில் மாதிரி எஞ்சின் ஒன்றை இயக்கிக் காட்டினார். அது விரும்பிய அமுக்கத்தை நிலையாகத் தரவில்லை. ஒருவேளை நன்றாக ஓடும். மறுவேளை மூச்சுத் திணறும். இக்காலத்துப் பிரான்ஸில் ராட்டோ என்பாரும், அமெரிக்காவில் மாஸ் என்பாரும், மெல்லிய வானிற் பறக்கும் விமான எஞ்சின்களுக்கு இக்கருவியைப் பூட்ட முயன்றனர். 1918-இல் மாஸ் தம் எஞ்சினைப் பதினாலாயிரம் அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் மேலேற்றிச் சோதித்து வெற்றி கண்டார். முதலில் எண்ணியவர் பின்தங்கியும், பின்வந்தோர் முன்சென்றும் நின்ற காலம் அது. பியூக்கியின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, தாம் தொடங்கிய வேலையைப் பிறர் முடிக்கக் கண்டவரே அறிவர்.

அவர் கண்ட தீர்வு நுட்பமானது. சற்றே விரித்துக் கூறுதல் தகும். அதுவரை எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒரு பெருங்குழாயிற் கலந்து டர்பைனை அடைந்தது. சிலிண்டர்கள் ஒரே காலத்தில் புகை கக்குவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே கக்கும். ஒரு சிலிண்டர் தன் புகையை வெளியேற்றி முடியும் தறுவாயில் மற்றொன்று கதவைத் திறக்க, அதன் வலிய மூச்சு பொதுக்குழாயிற் புகுந்து, முதற் சிலிண்டருக்குள்ளேயே திரும்பிப் பாயும். ஒரு வீட்டு அடுப்புப்புகை அடுத்த வீட்டுச் சமையலறையிற் புகுந்தாற்போல. பியூக்கி, ஒன்றையொன்று தடுக்காத சிலிண்டர்களை மட்டும் கூட்டி, குறுகிய தனித்தனிக் குழாய்களால் டர்பைனுக்கு வழி செய்தார். ஒவ்வொரு மூச்சும் தன் வேகம் குன்றாமற் சக்கரத்தின்மேல் மோதிற்று. இரு மூச்சுக்கு இடைப்பட்ட தாழ்ந்த வேளையிலே, உள்வாயிலும் வெளிவாயிலும் ஒருங்கே சிறிது நேரம் திறந்திருக்கச் செய்து, புதுக்காற்றால் சிலிண்டரைக் கழுவித் தூய்மையாக்கினார். இதற்கான உரிமையை 1925-இல் பதிவு செய்தார். வலிமை நூற்றுக்கு நாற்பதுக்கு மேலும் உயர்ந்தது.

இதற்குச் சற்று முன்னர், 1924-இல், பாடன் நகரத்து பிரௌன் பொவேரி தொழிற்சாலை கனரக எஞ்சினுக்குரிய டர்போவைச் செய்து வெளியிட்டிருந்தது. ‘பிராய்சன்’, ‘ஹான்ஸஸ்டட் டான்சிக்’ என்னும் இரு ஜெர்மன் பிரயாணிக் கப்பல்களின் பத்துச் சிலிண்டர் எஞ்சின்கள் டர்போ பூண்டு, 1750 குதிரைத்திறனினின்று 2500 குதிரைத்திறனுக்கு உயர்ந்தன. பியூக்கி 1926-இல் சுல்சரை விட்டு நீங்கி, அதே ஊரில் ரயில் எஞ்சின் செய்யும் ஸ்விஸ் தொழிற்சாலையில் டீசல் பிரிவின் தலைவரானார். அத்தொழிற்சாலையும் பிரௌன் பொவேரியும் அவரும் கூடி அமைத்த கூட்டின் வாயிலாக அவர் முறை பல நாடுகளுக்குப் பரவிற்று. 1938-இல் ஸூரிக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1959 அக்டோபர் 27-ஆம் நாள், தாம் பிறந்த வின்டர்தூரிலேயே காலமானார். அதற்குள் கப்பலிலும் ரயிலிலும் லாரியிலும் அவர் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது.

ஆனால் விலைக்கு விற்கும் டர்போ காரை அவர் காணவில்லை. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், ஷெவ்ரலே கோர்வேர் என்னும் இரு கார்கள் டர்போவோடு வந்தது 1962-இல். என் மருமகனை மலைப்பாதையில் நிறுத்திய வால்வுக்கும் பியூக்கிக்கும் நேரான தொடர்பில்லை என்பதையும் இங்கே கூறவேண்டும். அவர் கையாண்டவை டீசல் எஞ்சின்கள். டீசலில் உள்வரும் காற்றை அடைத்து வேகத்தைக் குறைக்கும் வழக்கம் அன்றில்லை; எண்ணெயை மட்டும் குறைப்பர். ஆதலின் அமுக்கிய காற்று தடைப்பட்டு நிற்பதில்லை. நம் மலைப்பாதையில் பஸ்களும் லாரிகளும் எழுப்பும் ‘புஸ்’ என்னும் ஒலி டர்போவினுடையது என்று பலர் எண்ணுவர். அது பிரேக்கின் காற்று வெளிப்படும் ஒலி.

பெட்ரோல் எஞ்சினில் நிலைமை வேறு. காலை எடுத்தவுடன் திராட்டில் என்னும் கதவு அடைபடுகின்றது. டர்போவோ நிமிஷத்திற்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றிற் சுழன்றுகொண்டே காற்றைத் தள்ளுகின்றது. போக வழியில்லாத காற்று திரும்பிச் சக்கரத்தகடுகளின் மேல் மோதும்; அச்சும் அதனைத் தாங்கும் உறுப்புகளும் நாளடைவிற் கேடுறும். பொங்குமாங்கடல் போன்ற ஒரு புகலிடம் அங்கே வேண்டும். அதுவே இவ்வால்வு. புகைப்பக்கத்தில் டர்பைனுக்கு மிஞ்சிய புகையை விலக்கும் ‘வேஸ்ட்கேட்’ வேறு, காற்றுப்பக்கத்தில் உள்ள இது வேறு. பட்டறைகளிலும் சிலர் இவ்விரண்டையும் மயங்குவர்.

அவ்வால்வு இருவகை. ஒன்று காற்றை வெளியே விட்டுவிடும். சீற்றம் எழுவது அதனால். மற்றொன்று அக்காற்றை டர்போவின் வாய்க்கே ஓசையின்றித் திருப்பி அனுப்பும். தொழிற்சாலையினின்று வரும் கார்களிற் பெரும்பாலும் இருப்பது இதுவே. வாங்குமுன் வினவவேண்டுவது ஒன்றுண்டு: வடிகட்டியை அடுத்து, உட்புகும் காற்றின் நிறையை அளக்கும் கருவி காரில் உள்ளதா என்பது. உளதாயின் எஞ்சினின் கணக்கு அவ்வளவையே நம்பியது. அளந்து கணக்கிட்ட காற்றை வெளியே விட்டால், இல்லாத காற்றுக்கும் பெட்ரோல் தெளிக்கப்படும், கலவை மிகைப்படும், கரும்புகை எழும், சுற்றுக் குறைந்த வேளையில் எஞ்சின் நின்றும் போகும். புளியரையில் நிகழ்ந்தது இதுவே. உட்குழாயின் அமுக்கத்தை அளந்து கணக்கிடும் கார்களில் இத்தொல்லை மிகக் குறைவு.

வால்வின் ஸ்பிரிங்கும் காருக்கு ஏற்றதாதல் வேண்டும். மிக மெலிந்ததாயின், எஞ்சின் வெறுமனே ஓடும்போது உட்குழாயில் உண்டாகும் வெறுமையாலேயே வால்வு திறந்துகொள்ளும். வெளியே விடும் வகையாயின், வடிகட்டாத புழுதிக்காற்று அவ்வழியே உட்புகும். மிகக் கடியதாயின் வேண்டும்போது திறவாது. வால்வின் தலைக்குச் செல்லும் சிறு ரப்பர் குழாய், திராட்டிலுக்கு அப்பாலுள்ள உட்குழாயினின்று தனியே வரவேண்டும். பிற கருவிகளுக்குச் செல்லும் குழாயிற் கிளை பிரித்தல் ஆகாது. நீளமும் குறைந்திருத்தல் நன்று. கிளாம்புகளை இறுக்கியபின், எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு மூட்டின் மேலும் சோப்பு நீர் தடவிப் பார்ப்பது பழைய முறை. ஆயினும் வெறுமனே ஓடுகையில் அங்கே அமுக்கம் இல்லை, குமிழி எழாது. குழாயின் வாயை அடைத்து வெளியிலிருந்து சிறிது காற்றைச் செலுத்திப் பார்த்தாலன்றி ஒழுக்குத் தெரியாது. இதனை என் மருமகனுக்குப் பொருத்தியவர் செய்ததாகத் தோன்றவில்லை. இரு கிளாம்புகள் கையாலே திரும்பின.

அவன் காரில் காற்றை அளக்கும் கருவி இருந்தது. நல்லவேளையாகப் பழைய வால்வை எறிந்துவிடாமல் பெட்டியில் வைத்திருந்தான். இருவருமாக ஒரு முற்பகலில் அதனைத் திரும்பப் பொருத்தினோம். மாலையிலே மறுபடியும் புளியரை ஏறினோம். அதே வளைவில் அவன் காலை எடுத்தான், எஞ்சின் நிற்கவில்லை, சீற்றமும் எழவில்லை. இரண்டாவதைப் பற்றி அவனுக்கு இன்றும் சிறிது மனக்குறை உண்டு.