ஜெனீவாவில் நின்ற தேர்

சென்ற பங்குனியில் எங்கள் ஊர்த் தேர் பாதித் தெருவில் நின்றுவிட்டது. அச்சு முறியவில்லை; வடமும் அறவில்லை. முதல் பரிவட்டம் மேலத்தெருவுக்கா, கீழத்தெருவுக்கா என்ற வழக்கில் சாமி இரவு முழுவதும் நடுத்தெருவில் இருந்தது. அன்றிரவு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, ஐரோப்பிய வரலாற்று நூலிலும் அதே வழக்கு எதிர்ப்பட்டது. அதில் சிக்கித் தவித்தவர் ஜெர்மனியின் அயல்நாட்டு அமைச்சர் குஸ்டாவ் ஸ்டிரெஸ்மான். அவர் வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1878 மே 10இல் பெர்லினில் பீர்க்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அந்நகரின் புட்டி பீர் வாணிகத்தையே ஆராய்ந்து டாக்டர் பட்டமும் பெற்றார். முதல் உலகப் போரின்போது அவர் சமாதானத் தூதர் அல்லர். பிறர் மண்ணைக் கவர வேண்டுமென்று வாதாடியவர். தோல்வி அவருக்கு வேறு வழியைக் காட்டியது. 1923இல், மார்க் நாணயம் வெறுங்காகிதமாகிவிட்ட வேளையில், சுமார் நூறு நாள் சான்சலராக இருந்தார். புது நாணயம் பிறந்தது அப்போதுதான். அதன்பின் இறக்கும்வரை அயல்நாட்டுத் துறை அவர் கையில் இருந்தது.

1925இல் லொகார்னோ உடன்பாட்டின் மூலம் பிரான்சுடனும் பெல்ஜியத்துடனும் உள்ள எல்லையை ஏற்றார். போலந்து எல்லைக்கு அந்த உறுதியை அவர் தரவில்லை. இதை மறைத்து அவரைப் புகழ்வது வரலாறாகாது. ஏனெனில் அந்த மறுப்பே அவர் பாதையில் முள்ளாயிற்று.

ஜெர்மனி சர்வதேச சங்கத்தில் சேர்ந்தால்தான் லொகார்னோ உடன்பாடு உயிர்பெறும். சங்கத்தின் கவுன்சிலில் நிரந்தர இடம் வேண்டும் என்பது ஜெர்மனியின் நிபந்தனை. அதற்காக 1926 மார்ச்சில் ஜெனீவாவில் பேரவை கூடியது. ஜெர்மனிக்கு இடமென்றால் தனக்கும் வேண்டும் என்றது போலந்து. பிரான்சு அதற்குத் துணை நின்றது. ஸ்பெயினும் கேட்டது. ஐக்கிய அமெரிக்கா சங்கத்தில் சேராததால், அமெரிக்கக் கண்டத்தின் சார்பில் நிரந்தர இடம் தனக்கே உரியது என்றது பிரேசில். கதவடைத்த அறைகளில் நாள் கணக்கில் பேரம் நடந்தது. சுவீடனும் செக்கோஸ்லோவாகியாவும் தங்கள் தற்காலிக இடங்களையே விட்டுக்கொடுக்க முன்வந்தன. ஆயினும் பிரேசில் இசையவில்லை. இலத்தீன் அமெரிக்க அண்டை நாடுகள் வேண்டியும் பயனில்லை. கவுன்சிலில் ஒருவர் மறுத்தாலும் முடிவு இல்லை. மார்ச் 17இல் பிரேசில் மறுத்தது. ஸ்டிரெஸ்மான் வெறுங்கையுடன் ஊர் திரும்பினார்.

என்னைக் கவர்ந்தது அதன்பின் அவர் நடந்துகொண்ட முறை. உள்நாட்டில் தேசியவாதிகள் அவரைச் சாடினார்கள். அவரோ விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. ஏப்ரலில் சோவியத் நாட்டுடன் ஓர் உடன்படிக்கை செய்து, தமக்கு வேறு வாசலும் உண்டு என்பதைக் காட்டினார். இதற்கிடையே ஒரு குழு தற்காலிக இடங்களை ஆறிலிருந்து ஒன்பதாக்க வழி கண்டது. ஜூனில் பிரேசில் சங்கத்தைவிட்டே விலகுவதாக அறிவித்தது. நிரந்தர இடம் கேட்ட நாட்டுக்கு இருந்த இடமும் போயிற்று. செப்டம்பர் 8இல் ஜெர்மனி நிரந்தர இடத்துடன் சேர்க்கப்பட்டது. போலந்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. அவ்வாண்டின் நோபல் சமாதானப் பரிசை ஸ்டிரெஸ்மானும் பிரான்சின் பிரியாந்தும் பகிர்ந்துகொண்டார்கள்.

நலிந்த உடலோடு உழைத்த அவர் 1929 அக்டோபர் 3இல் தம் 51ஆம் வயதில் மறைந்தார். அரும்பாடுபட்டுப் பெற்ற அந்த இடத்தை நான்கே ஆண்டுகளில், 1933இல், ஹிட்லர் உதறிவிட்டு வெளியேறினார்.

எங்கள் ஊரில் விடிந்ததும் கீழத்தெருப் பெரியவர் ஒருவர் பேசாமல் விலகி நின்றார். தேர் நிலை சேர்ந்தது. ஜெனீவாக் கதையைப் படித்திராவிட்டால் அவரைத் தோற்றவர் என்றே நானும் எண்ணியிருப்பேன்.