திருமலை நாயக்கர் விட்டுட்டுப் போன குழி

கனலெட்டோ வரைஞ்ச வெனிஸ் நீர்விழா ஓவியத்தை ஒருதடவை கூகுள்ல தேடிப் பாருங்க. கடலுக்கு மோதிரம் போடுற சடங்கை முடிச்சிட்டு, நகரத் தலைவரோட தங்கக் கப்பல் கரையில வந்து நிக்கும். சுத்தி எங்க பார்த்தாலும் படகு. அந்தக் கப்பலோட தங்க அலங்காரங்களை 1798-ல பிரெஞ்சுப் படை எரிச்சிருச்சு, ஓவியம் மிச்சம் இருக்கு.

மதுரையில கடல் கிடையாது. ஆனா அந்த ஓவியத்துக்கு ரொம்ப முன்னாடியே இங்க ஒரு நீர்விழாவுக்கு இடம் அமைச்சவர் திருமலை நாயக்கர்.

1623-ல ஆட்சிக்கு வந்தார். தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாத்தினார். 1636-ல மகால் கட்டினார். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு எத்தனை செங்கல் வேணும், யோசிங்க. அதுக்கான மண்ணை ஊருக்குக் கிழக்கே வண்டியூர்ப் பக்கம் வெட்டி எடுத்தாங்கன்னு மதுரைக்காரங்க சொல்வாங்க. சைட்டுல மண் எடுத்த குழியை அப்படியே விட்டுட்டுப் போறதுதான் நாம பார்த்த வழக்கம். நாயக்கர் அதை 1645-ல தெப்பக்குளம் ஆக்கினார். ஏறக்குறைய 1000 அடிக்கு 950 அடி. நாலு பக்கமும் கல் படிக்கட்டு, நடுவுல மைய மண்டபம், வைகைத் தண்ணி வந்து சேர கால்வாய். அங்க தோண்டும்போது கிடைச்ச பிள்ளையார்தான் மீனாட்சி கோயில்ல இருக்கிற முக்குறுணி விநாயகர்னும் சொல்வாங்க.

நாயக்கர் பிறந்த நட்சத்திரம் பூசம். தெப்பத் திருவிழாவும் தைப்பூசத்துலதான். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்துல ஏறினதும், கரையில நிக்கிற ஜனங்க வடம் பிடிச்சு மைய மண்டபத்தைச் சுத்தி இழுப்பாங்க.

ஆனா அவர் ஆட்சி முழுக்க திருவிழாவா போகல. விஜயநகர அரசரை எதிர்க்க கோல்கொண்டா சுல்தானைத் துணைக்குக் கூப்பிட்டு, கடைசில தானே கப்பம் கட்டுற நிலைமை வந்துச்சு. வயசான காலத்துல மைசூர்ப் படை உள்ள வந்து, பிடிபட்டவங்க மூக்கை அறுத்துச்சு. ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி படையோட வந்துதான் மதுரையைக் காப்பாத்தினார். 1659-ல நாயக்கர் காலமானார். பேரன் சொக்கநாதர் தலைநகரை மறுபடி திருச்சிக்கே மாத்தினார். மகாலைப் பிரிச்சுப் பொருள்களையும் கொண்டுபோனார். இன்னைக்கு நாம டிக்கெட் எடுத்துப் பார்க்கிறது பழைய மகால்ல ஏறக்குறைய நாலுல ஒரு பங்குதான்.

குழி மட்டும் முழுசா நிக்குது. அதுக்கும் சோதனை வந்துச்சு. கால்வாய் அடைபட்டு, குளம் வருஷக்கணக்கா வறண்டு, பசங்க கிரிக்கெட் ஆடுற கிரவுண்ட் ஆச்சு. தண்ணி இல்லாத வருஷங்கள்ல நிலைத்தெப்பம்தான். தெப்பம் இருந்த இடத்தை விட்டு நகராது. கால்வாயைச் சரிசெஞ்சு வைகைத் தண்ணி உள்ள வந்த பிறகுதான் மறுபடி மிதக்க ஆரம்பிச்சுது.

ஓவியத்தைச் சுவர்ல மாட்டிட்டா போதும். குளத்துக்கு அப்படி இல்லை, ஒவ்வொரு தலைமுறையும் கால்வாயைத் தூர்வாரணும். அடுத்த தைப்பூசத்துக்கு மதுரைக்கு வாங்க. தெப்பத்தைப் பார்த்துட்டு, தண்ணி எந்த வழியா உள்ள வருதுன்னும் ஒரு நடை போய்ப் பாருங்க.