காரைப் பளபளக்க வைத்த கெட்டரிங்

சார்லஸ் கெட்டரிங் 1876-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். விவசாயியின் மகன். கண் கோளாறால் கல்லூரிப் படிப்பு நின்றது. டெலிபோன் கம்பி போடும் வேலைக்குப் போனார். மனம் தளரவில்லை. மீண்டும் படித்து, 1904-ல் என்ஜினீயர் ஆனார்.

பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவரானார். அந்தக் காலத்தில் கலர் காருக்குப் பெயிண்டு அடித்துக் காயவைத்து முடிக்கப் பல வாரம் பிடிக்கும். கெட்டரிங் குழுவும் டூபாண்ட் கம்பெனியும் சேர்ந்து உழைத்தனர். டூக்கோ பெயிண்டு பிறந்தது. சில மணி நேரத்தில் காய்ந்தது! தூசி போகக் கழுவி, பாலிஷ் போட்டுத் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னியது. 1923-ல் நீல நிற ஓக்லண்டு கார்கள் இந்தப் பெயிண்டோடு வந்தன.

பெட்ரோலில் ஈயம் கலந்ததும் இவர் குழுவே. அந்த நஞ்சு கார்களை விட்டு அடியோடு ஒழிய 2021 வரை ஆயிற்று.

1958-ல் கெட்டரிங் காலமானார். கண்ணால் அவதிப்பட்டவர், ஊரார் கண்ணுக்கு விருந்து வைத்தார்.