முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 – சூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவரும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் இவரே. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கவும், பரத்தையர் விடுதிகளை ஒடுக்கவும் சென்னை மாகாணத்தில் சட்டங்கள் பிறந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவியவர்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். தந்தையின் உறவினர் இம்மணத்தை ஏற்கவில்லை. தாய் வழி உறவினருள் பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள் இருந்தனர். ஆகவே, பின்னாளில் சட்டமன்றத்தில் இவர் பேசிய பொருள் நூல்களில் மட்டும் படித்தறிந்த ஒன்றல்ல. இவரது எதிர்ப்பாளர்கள் இதையே இவருக்கு எதிராகப் பயன்படுத்தியதும் உண்டு. (நடிகர் ஜெமினி கணேசன் இவருக்கு நெருங்கிய உறவினர் என்பதைப் பலர் அறியார்.)

மகாராசா கல்லூரி அக்காலத்தில் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஒரு பெண்ணைச் சேர்த்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. தாயின் குலமும் இவ்வெதிர்ப்பில் பேசப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததால் இவர் அங்கு பயின்றார். 1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912 ஆம் ஆண்டு சிறப்பான தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார். 1914 ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று மணத்திற்கு முன்னரே அவரிடம் உறுதி பெற்றார். இத்தம்பதியருக்கு இரு புதல்வர்கள்.

சட்டமும் வழக்கமும்: பின்னணி

முத்துலட்சுமியின் பணியைப் புரிந்து கொள்ள, அவருக்கு முன் சட்டம் எந்நிலையில் இருந்தது என்பதை அறிய வேண்டும். ஆங்கில அரசு பரத்தமையை முதலில் ஒழுக்கச் சிக்கலாகப் பார்க்கவில்லை. படைவீரர்களின் உடல்நலச் சிக்கலாகவே பார்த்தது. 1864 ஆம் ஆண்டின் பாளையச் சட்டமும் 1868 ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் பெண்களைப் பதிவு செய்யவும் கட்டாய மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்தவும் வழி செய்தன. அவர்களை நாடிச் சென்ற ஆண்களுக்கு அத்தகைய ஆய்வு எதுவும் இல்லை. கடும் எதிர்ப்புக்குப் பின் 1868 ஆம் ஆண்டுச் சட்டம் 1888 இல் நீக்கப்பட்டது.

தேவதாசியர் நிலை இதனின்றும் வேறானது. இந்து சட்டத்தில் பிற பெண்களுக்கு இல்லாத சில உரிமைகள் அவர்களுக்கு இருந்தன. அவர்கள் சொத்து வைத்துக் கொள்ளலாம். அச்சொத்து மகள்கள் வழியே இறங்கியது. பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் வழக்கத்தையும் சென்னை நீதிமன்றங்கள் ஏற்றன; பம்பாய் உயர் நீதிமன்றமோ 1880 ஆம் ஆண்டு ஒரு வழக்கில் இதனை ஏற்க மறுத்தது. மறுபுறம், இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 ஆம் பிரிவுகள் பரத்தமைக்காகச் சிறுமியரை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. இவ்வாறு ஒரே பெண்ணின் வாழ்வைச் சட்டத்தின் ஒரு பக்கம் மரபு என்றும், மறு பக்கம் குற்றம் என்றும் கண்டது. சிறுமிக்குப் பொட்டுக்கட்டியது கோயில் சடங்கா, பரத்தமைக்கு விட்டதா என்பது ஒவ்வொரு வழக்கிலும் வாதிடப்பட வேண்டியதாயிற்று.

சட்டமன்றப் பணி

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921 ஆம் ஆண்டு வாக்குரிமை கிடைத்தது. சட்டமன்ற உறுப்பினராகும் உரிமை 1926 இல்தான் வந்தது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார். 1927 ஆம் ஆண்டு அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போதைய முதலமைச்சர், சேலம் மாவட்டக் குமாரமங்கலத்தைச் சேர்ந்த ப. சுப்பராயன்.

1927 நவம்பரில், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து விடும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தை இவர் கொண்டு வந்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தீர்மானத்தால் மட்டும் எதுவும் மாறாது என்பதை இவர் உணர்ந்திருந்தார்.

சிக்கலின் முடிச்சு நிலத்தில் இருந்தது. கோயிலில் பணி செய்வதற்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம், அல்லது நிலத்தின் தீர்வை வருவாய் விடப்பட்டிருந்தது. பணி தொடரும் வரைதான் மானியம் தொடரும். மூத்தவளுக்குப் பின் குடும்பத்தில் ஒருத்தியேனும் பொட்டுக்கட்டிக் கொள்ளாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். மகளுக்கு மணம் செய்து வைக்க விரும்பிய தாய்கூட, குடும்பத்தின் சோற்றை எண்ணித் தயங்க வேண்டியிருந்தது. தடைச் சட்டம் மட்டும் வந்திருந்தால் அது இக்குடும்பங்களின் வயிற்றில் அடித்திருக்கும்.

எனவே முத்துலட்சுமி முதலில் 1926 ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்திற்குத் திருத்தம் கொண்டு வந்தார். 1929 ஆம் ஆண்டு நிறைவேறிய இத்திருத்தம், கோயில் பணி என்ற நிபந்தனையிலிருந்து தேவதாசி மானிய நிலங்களை விடுவித்தது. நிலம் வைத்திருந்தவர் சிறு வரி செலுத்தி அதனைத் தமக்கே உரியதாக அனுபவிக்கலாம்; அதற்காக மகளைக் கோயிலுக்கு விட வேண்டியதில்லை. இவரது பணிகளுள் இதுவே அதிகம் பேசப்படாதது. ஆயினும் மிகக் கூர்மையானது எனலாம்.

1930 ஆம் ஆண்டு பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் சட்ட முன்வரைவை இவர் கொண்டு வந்தார். பரத்தையர் விடுதி நடத்துவோரையும் தரகரையும் தண்டிக்கும் சென்னைத் தீயொழுக்க வாணிப ஒடுக்கச் சட்டமும் அதே ஆண்டில் உருவாயிற்று. அவ்வாண்டு மே மாதம் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து இவர் பதவி விலகினார். முன்வரைவு கிடப்பில் போயிற்று.

எதிர்ப்பு

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. சட்டமன்றத்தில் காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தி, சமய வழக்கத்தில் அரசு தலையிடுவதையும் மரபுக் கலை அழிவதையும் சுட்டி எதிர்த்தார். இவ்விவாதத்தில் முத்துலட்சுமி கொடுத்த பதிலடி என்று பல வடிவங்களில் ஒரு கதை மேடைகளில் சொல்லப்படுகிறது. அக்கதையினும் கருதத்தக்கது மற்றோர் எதிர்ப்பு.

அது தேவதாசியரிடமிருந்தே வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்டோர் அரசுக்கு மனுக்கள் அளித்தனர். தம் குலத்தைப் பரத்தையருடன் ஒன்றாக வைப்பது தவறு, தாங்கள் இறைபணியும் இசையும் நடனமும் பேணுபவர்கள், தம்மைக் கேளாமல் தமக்கெனச் சட்டம் இயற்றலாகாது என்பன அவர்கள் வாதங்கள். திருவையாற்றில் தியாகராசருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் நாகரத்தினம்மாள் என்பதை நோக்க, இவ்வாதங்களை எளிதில் ஒதுக்க இயலாது. அதே வேளையில், அக்குலத்தில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பொட்டறுப்புக்காகப் பேசினார். தம் அனுபவங்களைக் கொண்டு 1936 ஆம் ஆண்டு தாசிகள் மோசவலை என்னும் புதினத்தையும் எழுதினார். ஆக, தேவதாசியர் கருத்து ஒன்றாக இருக்கவில்லை.

1932 ஆம் ஆண்டு இறுதியில் நடனத்தைப் பற்றிய வாதம் நாளிதழ்களில் மூண்டது. பொது விழாக்களில் சதிர் ஆட்டம் நடத்துவதை முத்துலட்சுமி கண்டித்தார், வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் கலையைக் காக்க வேண்டும் என்று எதிர்வாதம் செய்தார். அக்காலத்தை ஒட்டிச் சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெறத் தொடங்கியது. கலை மேடையேறி மதிப்புப் பெற்றது. அதனைக் காத்து வந்த குடும்பங்களுள் பெரும்பாலானவை அம்மதிப்பில் பங்கு பெறவில்லை. இவ்விடத்தில் முத்துலட்சுமியின் நிலைப்பாடு கடுமையானது என்றே கூற வேண்டும்.

அவ்வை இல்லம்

பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த சிறுமியருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை; விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக் கொண்டார். 1930 ஆம் ஆண்டளவில் இதுவே அவ்வை இல்லமாக உருப்பெற்றது. குலமோ சமயமோ கேளாமல் ஆதரவற்ற பெண்கள் இங்கு சேர்க்கப்பட்டு, கல்வியும் தொழிலும் கற்றனர். இல்லம் தாங்கிய பெயர், தகடூரை ஆண்ட அதியமானின் நண்பராக விளங்கி அவனிடம் நெல்லிக்கனி பெற்ற புலவருக்கும் உரியது. தகடூர் என்பது இன்றைய தருமபுரியே.

தருமபுரிப் பகுதியும் மைசூர் எல்லையும்

மாகாணச் சட்டம் தாமதமானதன் பொருளைத் தருமபுரிப் பகுதியில் தெளிவாகக் காணலாம். 1965 ஆம் ஆண்டு தனி மாவட்டமாகும் வரை தருமபுரி சேலம் மாவட்டத்தில் இருந்தது. அதன் வடக்கே மைசூர் சமஸ்தானம். அச்சமஸ்தான அரசு தன் ஆளுகைக்கு உட்பட்ட கோயில்களில் தேவதாசிப் பணியை 1909 ஆம் ஆண்டே நிறுத்தியது. தருமபுரி அடங்கிய பாரமகால் 1792 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய நிலம். அவ்வாறு கைமாறாதிருந்தால் மைசூர் ஆணை இங்கும் செல்லுபடியாகியிருக்கக்கூடும். எல்லைக்கு இப்பால் பிறந்த சிறுமிக்கு அதே காப்புக் கிடைக்க மேலும் 38 ஆண்டுகள் ஆயின. திருவிதாங்கூர் 1930 இலும், பம்பாய் மாகாணம் 1934 இலும் முந்திக் கொண்டன.

1947 ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947 ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை தேவதாசிகள் (பொட்டுக்கட்டுதல் தடுப்பு) சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதல் செல்லாது, முன்னரே பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி மணம் செய்து கொள்ளலாம். சடங்கை நடத்துவோருக்கும் உடந்தையாக இருப்போருக்கும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் இச்சட்டம் தடை செய்தது. மேளத்திலோ நடனத்திலோ பங்கு கொள்ளும் போகம், கலாவந்துலு, தாசி முதலிய குலப் பெண்கள் பரத்தையராகிவிட்டதாகவும் மணத்திற்குத் தகுதி இழந்ததாகவும் கருதும் வழக்கம் செல்லாது என்றும் அறிவித்தது. ஆடினால் பரத்தை என்ற கருத்தை ஒரு விதியால் நீக்கிய சட்டம், கோயிலில் ஆடுவதையே மற்றொரு விதியால் குற்றமாக்கியது.

பரத்தமை குறித்த சட்டம் பின்னர் நாடு முழுமைக்கும் ஒன்றாயிற்று. 1956 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நடுவண் சட்டம், 1986 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தீயொழுக்க வாணிபத் தடுப்புச் சட்டம் என வழங்குகிறது. பாலியல் தொழில் அதனளவில் இச்சட்டப்படி குற்றமன்று. விடுதி நடத்துவதும், பிறர் வருவாயில் வாழ்வதும், பொது இடங்களில் ஆள் அழைப்பதும் குற்றங்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், தாமாக விரும்பி இத்தொழிலில் உள்ள வயது வந்த பெண்களைக் காவல்துறையினர் கண்ணியத்துடன் நடத்த வேண்டும் என்று பணித்தது.

பிற்கால வாழ்வு

முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அத்துயரமே புற்றுநோய் மருத்துவமனை எண்ணத்திற்கு வித்தாயிற்று. 1952 ஆம் ஆண்டு நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு அடையாற்றில் மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. 1956 ஆம் ஆண்டு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது. தம் தன்வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1968 சூலை 22 அன்று சென்னையில் காலமானார். தமிழக அரசின் மகப்பேறு உதவித் திட்டம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இவரது பிறந்த நாளான சூலை 30, 2019 ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படுகிறது.