பதினெட்டு வயதில் பூதம் படைத்தவர்

பிராங்கன்ஸ்டைன் என்றதும் சினிமாவில் வரும் கழுத்தில் ஆணி வைத்த முரட்டு உருவம்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் அது பூதத்தின் பெயரே இல்லை. பூதத்தைச் செய்த மாணவனின் பெயர்! இந்தக் கதையை எழுத ஆரம்பித்தபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. நம்ம வயசுதான்.

1797 ஆகஸ்ட் 30-ல் லண்டனில் பிறந்தார். பெண்களுக்கும் கல்வி வேண்டும் என்று நூல் எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட்தான் அம்மா. பெற்ற சில நாளிலேயே பிரசவ ஜன்னியில் போய்விட்டார். மகளுக்குப் பள்ளிக்கூடம் அதிகம் இல்லை. எழுத்தாளரான அப்பா காட்வினின் புத்தக அலமாரிதான் பள்ளி. 1814-ல் ஏற்கெனவே மணமான கவிஞர் ஷெல்லியோடு வீட்டை விட்டுப் போனார். அடுத்த வருஷம் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை இரண்டு வாரத்தில் செத்துப் போச்சு. நெருப்பருகே தேய்த்துச் சூடேற்றியதும் குழந்தைக்கு உயிர் வந்ததாகக் கனவு கண்டு, அதை டயரியில் எழுதியிருக்கிறார். கதையின் விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

1815-ல் தம்போரா எரிமலை கக்கிய சாம்பலால் 1816-ல் ஜெனீவாவில் கோடையிலும் ஓயாத மழை. கவிஞர் பைரனின் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று பந்தயம் போட்டார்கள்.

1764-ல் வால்போல் தொடங்கிவைத்த 'காதிக்' கதை என்றால் இருண்ட கோட்டை, சாபம், சுரங்கப்பாதை. மேரியோ பயத்தைப் படிக்கிற பையனின் சோதனை அறைக்குள் கொண்டுவந்தார். எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்க: 1803-ல் அல்தினி என்பவர் லண்டனில் தூக்கிலிடப்பட்டவனின் உடலில் மின்சாரம் பாய்ச்ச, தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது!

செய்தவன் தன் பூதத்தைக் கண்டு பயந்து ஓடுகிறான். பெயர்கூட வைக்கவில்லை. அதுவோ ஒரு குடிசைச் சுவரின் இடுக்கு வழியே கேட்டுக் கேட்டே பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்கிறது. எங்க வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். இந்த இடத்தில் பூதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

1818 ஜனவரி 1-ல் 500 பிரதிகள், ஆசிரியர் பெயர் இல்லாமல். முன்னுரை எழுதிய ஷெல்லிதான் கதையையும் எழுதினார் என்று பேசிக்கொண்டார்கள். 1822-ல் ஷெல்லி இத்தாலிக் கடலில் மூழ்கி இறந்தார். அடுத்த வருஷம் இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் அச்சேறியது.

பெற்ற நாலில் மிஞ்சியது ஒரே மகன். எழுதிச் சம்பாதித்தே அவனைக் கேம்பிரிட்ஜ் வரை படிக்க வைத்தார். மாமனார் கொஞ்சம் பணம் கொடுத்தார். ஆனால் ஷெல்லியின் வாழ்க்கை வரலாற்றை எழுதக்கூடாது என்று நிபந்தனை. மேரி விடுவாரா? 1839-ல் ஷெல்லி கவிதைகளைத் தொகுத்து, குறிப்புகள் என்ற பெயரில் வரலாற்றையும் சேர்த்தே அச்சடித்துவிட்டார்!