புனித கத்தரின் ட்ரெக்சல்: பணத்தோடு தம்மையும் தந்தவர்

மார்ச் 3ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித கத்தரின் ட்ரெக்சல், 1858ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெரும் வங்கியாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். பிறந்த ஐந்தாம் வாரத்திலேயே தாயை இழந்தார். சிற்றன்னை எம்மா, வாரத்தில் மூன்று நாள் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து ஏழைகளுக்கு உதவியதைப் பார்த்தே வளர்ந்தார்.

1885ல் தந்தை இறந்தபின், பெருஞ்சொத்தின் வருமானம் மூன்று மகள்களுக்கும் வந்தது. கத்தரின், பழங்குடி மக்களுக்குப் பள்ளிகள் கட்டப் பணம் கொடுத்தார். பணியாற்றத்தான் ஆள் இல்லை. 1887ல் உரோமையில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயரைச் சந்தித்து, மறைப்பணியாளர்களை அனுப்புமாறு வேண்டினார். திருத்தந்தையோ அவரையே அப்பணிக்குப் போகச் சொன்னார். கத்தரின் அழுதுவிட்டாராம். காணிக்கை கொடுத்துப் பழகிய நம்மிடம் ஆளையே கேட்டால் நாமும் அழுவோம்.

1891ல் வார்த்தைப்பாடு கொடுத்து, பழங்குடியினருக்கும் கருப்பினத்தவருக்கும் பணியாற்றவென்றே நற்கருணைச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். அன்று கோயிலுக்குள்ளும் கருப்பினத்தவருக்குப் பின்வரிசைதான்.

சகோதரிகள் சென்ற இடமெல்லாம் எதிர்ப்பு வந்தது. நாஷ்வில் நகரில் கருப்பினச் சிறுமிகளின் பள்ளிக்காக, வழக்கறிஞர் ஒருவர் மூலம் ஒரு வீட்டை வாங்கினார்கள். எதற்காக என்பது 1905ல் தெரிந்ததும் விற்றவர் கொதித்தார், விற்பனையை ரத்துசெய்யக் கேட்டார். அன்னை பணிவாக மறுத்துவிட்டார், பள்ளியும் திறக்கப்பட்டது. 1922ல் டெக்சாஸின் போமாண்ட் நகரில், கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம், கருப்பினத்தவரின் ஆலயத்தை வெடிவைத்துத் தகர்ப்பதாக மிரட்டியது. அங்கிருந்தும் சகோதரிகள் வெளியேறவில்லை. தென்மாநிலங்களின் கத்தோலிக்கக் கல்லூரிகள் கருப்பின மாணவர்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில், நியூ ஆர்லியன்சில் அவர்கள் 1915ல் தொடங்கிய பள்ளி, 1925ல் சேவியர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

ஒரு குறையையும் நாம் மறைக்கலாகாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இச்சபை கருப்பினப் பெண்களைத் தன் உறுப்பினராக ஏற்கவில்லை. ஏற்கெனவே இருந்த கருப்பினச் சகோதரிகளின் சபைகளுக்கு அழைத்தல் குறைந்துவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது. நம் மனம் அதில் நிறைவடைவதில்லை.

1935ல் மாரடைப்பு வந்தபின், அன்னை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் செபத்தில் கழித்தார். 1955 மார்ச் 3ஆம் நாள் தம் 96ஆம் வயதில் இறந்தார். அப்போது சபையில் 500க்கும் மேற்பட்ட சகோதரிகள் இருந்தார்கள். தந்தையின் உயில்படி, சொத்து அன்றே வேறு அறப்பணிகளுக்குப் போனது. சபைக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. சகோதரிகள் பள்ளிகளை மூடாமல், கை ஏந்தி நடத்தினார்கள். 1968ல் சேவியர் பல்கலைக்கழகத் தலைமையைக் கருப்பினப் பொதுநிலையினரான நார்மன் பிரான்சிசிடம் ஒப்படைத்தார்கள். அவர் அங்கேயே படித்தவர்.